கணபதி முதல் காங்கேயம் வரை: அடுத்தவர் காரில் ஒரு புதன்கிழமை

"இவ்வளவு ஊர் சுற்றுகிறீர்களே, என்ன கார் வைத்திருக்கிறீர்கள்?" என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். மொபெட் வைத்திருக்கிறேன் ஐயா. என் தொழில் கார் டெலிவரி. பழைய கார் வியாபாரிகள் கூப்பிட்டால் போவேன். விற்றவர் வீட்டில் வண்டியை எடுத்து, வாங்கியவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன். போவது அடுத்தவர் காரில், வருவது அரசுப் பேருந்தில். முதலாளியும் நானே, வேலையாளும் நானே என்பதால் சண்டை போடக்கூட ஆள் கிடையாது.

ஆடி மாதம் எங்களுக்குப் பட்டினி மாதம். யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் கிடைத்த முதல் வேலை இது. கணபதியில் வண்டியை எடுத்து, காங்கேயம் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் விட வேண்டும். மொத்தம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அன்று புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். எங்கள் தொழிலில் மேப்பைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் ஒன்றரை மணி நேரம் ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்க வேண்டியதுதான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் என் வீட்டிலிருந்து ஏழரைக்குக் கிளம்பி, எட்டேகாலுக்குக் கணபதி போய்ச் சேர்ந்தேன். லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கடைசி வீடு. விற்றவர்கள் வயதான கிறிஸ்தவத் தம்பதி. அந்த அம்மா வண்டிக் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் செய்தார். வண்டிக்காக, வாங்குகிறவர்களுக்காக, கடைசியில் "ஓட்டிட்டுப் போற இந்தத் தம்பிக்காகவும்" என்றார். எனக்கென்று யாரும் இப்படித் தனியாக வேண்டிக்கொண்டதில்லை. கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அவினாசி ரோட்டைப் பிடித்து, சூலூர் வந்து, திருச்சி ரோட்டில் ஏறினேன். காந்திபுரம் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். பல்லடத்தில் நிறுத்தி இரண்டு இட்லி, ஒரு ஊத்தப்பம், காபி. எண்பத்தைந்து ரூபாய். தேங்காய்ச் சட்னி தாராளமாக ஊற்றினார்கள். கை கழுவும்போது போன் வந்தது. காரை வாங்கிய சாந்தாமணி.

"ஏனுங்ணா, நேரா ஊட்டுக்கு வர வேண்டாமுங்க. வாய்க்கா பாலத்துல நிக்கறேன். அங்கயே வண்டியக் குடுத்துப்போடுங்க."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்வது, வண்டி அவருடையது.

பொங்கலூர், காங்கேயம் தாண்டி, பதினொன்றரைக்குப் பாலத்தை அடைந்தேன். சாந்தாமணிக்கு முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயதிருக்கும். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். பத்து தையல் மிஷின் போட்டு, திருப்பூர் கம்பெனிகளுக்கு பனியன் பீஸ் தைத்துக் கொடுக்கிறார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் இது. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. அன்றைக்கு ஷிப்மெண்ட் என்பதால் லீவு கிடைக்கவில்லை. சாவியை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு இடது பக்கம் உட்கார்ந்தேன்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது. வண்டிக்குச் சொந்தக்காரரைப் பார்த்து "ஓட்டத் தெரியுமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு. அதனால் நான் கேட்கவில்லை. நான் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடியும் குதித்தது, மறுபடியும் நின்றது.

"லைசென்ஸ் எடுத்து ரண்டு வருசமாச்சுங்ணா. அதுக்கப்பறம் ஸ்டேரிங்கத் தொடவே இல்லீங்க" என்றார்.

"அப்ப நா ஓட்டறனுங்க அம்மணி. நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

"வேண்டாமுங்ணா. நீங்க கொண்டுபோய் நிறுத்துனா சாவி எங் கொழுந்தனார் கைக்குப் போயிரும். மின்ன ஸ்கூட்டியும் அப்புடித்தானுங்க போச்சு. அப்பறம் பீஸ் கொண்டுபோறதுக்கு நா அவருகிட்டக் கேட்டுட்டு நிக்கோணும்."

வாசலில் நிற்கும் வரை வண்டியில் விழும் கோடெல்லாம் என் கணக்கு. ஒரு கோடு விழுந்தால் வியாபாரி அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கிளட்ச்ச மெல்ல விடுங்க" என்றேன்.

தார் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் நன்றாகவே ஓட்டினார். அடுத்தது இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை முள்வேலி அடைத்த தோட்டத்துப் பாதை. ஒரு கார் நுழைந்தால் எதிரே மொபெட்டுக்குக்கூட இடமிருக்காது. பாதி வழியில் எதிரே பால் வேன். யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வேன்காரர் இறங்கி வந்து, "ஏனுங்க, எறங்குங்க. நா எடுத்துத் தாரேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"இல்லீங்க. நானே எடுத்துக்கறேன்" என்றார் சாந்தாமணி.

ரிவர்ஸில் முப்பதடி. இடது பக்கக் கதவு முழுக்க முள் உரசும் சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபமெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வீட்டு முன்னால் போய் நின்றோம். ஆரத்தித் தட்டு, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவருகே குனிந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏந் தம்பி, வர்ற வழியில ஒரசிப்போட்டீங்களா?"

ஆமாம் என்றால் என் பிழைப்பு போகும். இல்லை என்றால் சாந்தாமணி இனி ஸ்டேரிங்கைத் தொட முடியாது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என்னைச் சொல்ல விடவில்லை சாந்தாமணி.

"நாந்தானுங்க மாமா. இட்டேரியில ரிவர்ஸ் எடுத்தேன், முள்ளு கீறிப்போட்டுது."

கொழுந்தனார் சட்டைக் கையை மடித்தபடி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். "சாவியக் குடுங்க அண்ணி, நா உள்ளார நிறுத்தறேன்."

சாந்தாமணி இறங்கவில்லை. "நா நிறுத்திக்கறேன் தம்பி. நீங்க அந்த எலுமிச்சம்பழத்த டயருக்கு வைங்க."

கொழுந்தனார் அப்பாவைப் பார்த்தார். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இதைப் பேசித் தீர்க்க உட்கார்ந்தால் ராகு காலம் வந்துவிடும். "வைய்யி, நேரமாச்சு" என்றார். கொழுந்தனார் குத்தவைத்து உட்கார்ந்து நாலு டயருக்கும் பழம் வைத்தார். வண்டி இந்த முறை குதிக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, மறைக்க ஒன்றுமில்லை.

சாப்பிடாமல் விட மாட்டார்கள் என்பதால் திரும்ப மணி ஒன்றரை ஆகிவிட்டது. காங்கேயத்திலிருந்து கோவைக்கு அடிக்கடி பேருந்து உண்டு. மதியத்தில் ஜன்னல் இருக்கையே கிடைக்கும், ஆனால் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். இட்டேரிக்குள் கார் கொண்டுபோகிறவர்கள் பால் வேன் வரும் நேரத்தை ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டெலிவரிக்கு வண்டி சொல்கிறவர்கள், யார் ஓட்டி உள்ளே நுழையப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் இனி நான் கேட்பேன். மரியாதை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

பொங்கலூர் தாண்டும்போது வியாபாரி கூப்பிட்டார். கதவில் கோடு விழுந்த விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"ஓனரம்மா கீறுனதா சொல்றாங்க. ஓட்டத் தெரியாதவங்க கையில எதுக்குங்க சாவியக் குடுத்தீங்க?"

அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவாரா என்பது அந்தக் குரலில் தெரியவில்லை.

"அவங்களுக்கு ஓட்டத் தெரியுமுங்க" என்றேன்.