மடிப்பு மேஜையில் இருவர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த பெட்டியின் சூடு அதற்கு உறை போடக் காணாது.

எதிரே மடிப்பு மேஜையில் அவள் புருஷன் ஒரு முனை, புதிதாய் வந்தவள் மறுமுனை. பெரிய படுக்கை விரிப்புகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில்லை. முகம் பார்க்கவுமில்லை. ஆனால் ஒருவர் நகருமுன் மற்றவர் கை அங்கே நின்றது. மூலையோடு மூலை ஒட்டியது.

அவனுக்கு ஆட்டிசம். ஜாடைமாடையெல்லாம் பிடிபடாது. மனைவி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், "தலை வலிக்குதா?" என்பான். வீட்டில் விரிப்பு மடிக்கையில் அவள் கண்ணால் காட்டுவாள். அவன் வேறு பக்கம் திருப்புவான். துணி கயிறாய் முறுக்கிக்கொள்ளும். சுபாவமே அப்படி என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் நேற்று வந்தவளிடம் இந்தப் பொருத்தம்! அவளுக்கும் ஆட்டிசம்தான், வந்த அன்றே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

"யார் மனசும் அவருக்குப் புரியாதும்பீங்களே அக்கா. அங்க நல்லாத்தான் புரியுது போல," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"உன் துணி கருகுது, அதைப் பாரு."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டாள். "அவ நினைக்கறது மட்டும் எப்படித் தெரியுது?"

"அவங்க துணியைப் பாப்பாங்க. நானும் அதான். இழுபடுற பக்கம்தான் அவங்க நினைப்பு. நீ கண்ணால சொல்ற. நான் அங்க பாக்கறதில்லையே."

"அப்ப என் மனசு தெரியவே தெரியாதா?"

"சொன்னா தெரியும்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்குப் பொறாமையா இருக்கு. நீங்க என்கூடத்தான் மடிக்கணும்."

"சரி," என்றான். அவ்வளவுதானா என்று அவளுக்குச் சப்பென்றாகிவிட்டது.

மறுநாள் கூடமே கேட்கும்படி சூப்பர்வைசரிடம் சொன்னான். "என் மனைவிக்குப் பொறாமையா இருக்கு சார். அவளை என்கூட மடிக்கப் போடுங்க."

சிரிப்பு வெடித்தது. அவளுக்கு மானம் போயிற்று. புதியவள் மட்டும் சிரிக்கவில்லை. "நியாயம்தான்," என்று இஸ்திரி மேஜைக்குப் போய்விட்டாள்.

புருஷனும் மனைவியும் மடித்த முதல் விரிப்பு கோணல். அடுத்ததில் அவள் துணியை மட்டும் பார்த்தாள். அவன் பக்கம் லேசாகத் தளர்ந்தது, வலப்பக்கம் போகப்போகிறான். போனான். மூலை ஒட்டியது.

"இப்ப நீ நினைக்கறது எனக்குத் தெரியுது," என்றான்.

இத்தனை வருஷம் அவள் ஏங்கிய பேச்சு. ஆனாலும் கண் இஸ்திரி மேஜைக்கு ஓடியது. அந்தப் புதியவளுக்கு இது முதல் நாளே வந்ததே.

விரிப்பு முறுக்கிக்கொண்டது.

"அங்க என்ன? துணியைப் பாரு," என்றான்.