பத்து முறை அலசிய புட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசை ஒடேத்துக்கு வாய்த்ததே இல்லை. சனிக்கிழமை கழுவிய கண்ணாடிப் புட்டிகள், கிருமி சாக, நீராவிப் பெட்டிக்குள் வெந்து ஆறியிருக்கும். மறுநாள் காலையில் யாராவது போய் எடுத்து, வாயில் அலுமினியத் தாள் சுற்றி அடுக்கவேண்டும். அமெரிக்காவில் வூஸ்டர் ஊரின் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அந்த 'யாராவது' ஒடேத்துதான். போர்த்துகீசியரின் அசோர்ஸ் தீவில் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்தவள்.

ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால் எல்லாம் அடுக்கி முடிந்திருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. செய்தது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம், தாளின் ஓரத்தை உள்ளே மடித்திருந்த அழகைப் பார்த்துத்தான் ஆள் பிடிபட்டது. வாண்டா!

கம்பி ஆலைத் தொழிலாளியான போலந்துக்காரர் ஒருவரின் மகள் அவள். தீக்காயம் பட்டவர்களுக்குப் புதுத் தோல் வளர்க்கப் பதினோரு வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தட்டில் வளரும் செல்களுக்கு ஞாயிறு ஏது, கிறிஸ்துமஸ் ஏது? அவற்றுக்கு உணவு மாற்ற எப்படியும் வருவாள். வந்த கையோடு ஒடேத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்றுமுதல் ஒடேத்து பூசைக்குப் போனாள். வாண்டாவுக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

பிறகு வாண்டா பல்கலைக்கழகத்தை விட்டுப் புறப்பட்டாள். அவள் வளர்த்த தோலை விற்பனைக்குக் கொண்டுவர, பணம் போட்ட சிலர் பழைய நெசவாலைக் கட்டடத்தில் சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். ஆய்வகத் தலைவர் பேராசிரியர் புரூயிட்டுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏம்மா, இவ்வளவு படிச்சிட்டுக் கடை வைக்கவா போறே?"

"ஆமா சார். இங்கேயே இருந்தா என் தோல் தட்டுலதான் கிடக்கும். கடையில வச்சாத்தான் யாரோ ஒருத்தர் உடம்புக்குப் போய்ச் சேரும்."

போகுமுன், ஞாயிறு புட்டிகளை அடுக்க ஒரு மாணவனை ஏற்பாடு செய்தாள்; கம்பெனியில் அப்படியே செய்வதற்காக ஒவ்வொருவரிடமும் அவரவர் வேலையைக் கேட்டு எழுதிக்கொண்டாள். கழுவும் அறைக்கும் வந்தாள்.

"அக்கா, சோப்புப் போட்டப்புறம் வடிச்ச தண்ணியில எத்தனை தடவை அலசுவீங்க?"

வாசலில் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரை வீணாக்குவதாகப் போன வாரம்தான் ஒடேத்தைத் திட்டியிருந்தார். சுவரில் ஒட்டிய தாளிலும் மூன்று என்றே இருந்தது.

"மூணு தடவைம்மா" என்றாள் ஒடேத்து. சொன்னதும் நெஞ்சு உறுத்தியது.

கம்பெனியில் எழுதியது எதுவோ அதுதான் வேலை. ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மூன்று முறை அலசினார்கள். செல்கள் செத்தன. நாலு மாதம் திரும்பத் திரும்பச் செத்தன.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் வாண்டா கழுவும் அறைக்கு வந்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். கண் குழி விழுந்திருந்தது.

"அதே செல்லு, அதே மருந்து, அதே கை. இங்க வளந்துச்சு, அங்க சாகுதுக்கா. மாசக் கடைசியில வர்ற நன்றித் திருநாளுக்குள்ள ஒரு துண்டு தோல் காட்டலேன்னா கம்பெனியை மூடிருவாங்க."

ஒடேத்து கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். எழுந்து கதவைச் சாத்தினாள்.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

"நீங்களா? என்ன பொய்?"

"மூணு இல்லம்மா, பத்து."

"பத்தா! ஏன் பத்து?"

"ஜெபமாலையில வரிசைக்குப் பத்து மணி இல்லையா? அலசலுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. மூணுல மாதாவை நிறுத்த மனசு வரல."

"அலசாமலே ஜெபம் சொல்லலாமே!"

"கை சும்மா இருந்தா தூக்கம் வந்துருதும்மா."

வாண்டா திட்டவில்லை. காயவைத்திருந்த ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "சோப்பு! கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருந்த சோப்புதான் செல்லைக் கொன்னிருக்கு!" என்று கத்திக்கொண்டே, ஈர ஏப்ரனோடு நின்ற ஒடேத்தைக் கட்டிக்கொண்டாள்.

அன்று மாலையே அங்கேயும் பத்து முறை அலசினார்கள். பத்தாம் நாள் தட்டு முழுக்கச் செல்கள் படர்ந்திருந்தன. நன்றித் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் போல மெல்லிய ஒரு துண்டுத் தோலை வாண்டா எல்லாருக்கும் காட்டினாள். கம்பெனியின் செய்முறைப் புத்தகத்தில் 'பத்து முறை அலசவும்' என்று ஏறியது. 'சொன்னவர்' என்ற கட்டத்தில் ஒடேத்து ஃபுர்த்தாதோ என்று வாண்டா எழுதச் சொன்னாள். நாலு வருடம் கழித்து, ஊர்த் தீயணைப்பு வீரர் ஒருவரின் கையில் அந்தத் தோல் ஒட்டிப் பிடித்தது. அன்று போர்த்துகீசியக் கோவிலில் ஒடேத்து தலை நிமிர்ந்து நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

கலிபோர்னியாவில் பெரிய ஆலை கட்ட வாண்டாவைத் தலைமைக்கு அழைத்தார்கள். புறப்படும் ஞாயிறன்று எட்டு மணிப் பூசை முடியும்வரை கோவில் படியில் காத்திருந்தாள். ஒடேத்து இனிப்பு ரொட்டியைச் சுற்றிக் கையில் கொடுத்தாள். வாண்டா அதன் தாளை ஓரம் மடித்துச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"அங்க ஏன் பத்துன்னு யாராச்சும் கேட்டா, உங்க பேரைத்தான் சொல்லுவேன். நீங்க மட்டும் ஜெபமாலையில நடுவுல ஒரு மணியைக்கூட விட்டுறாதீங்கக்கா."