மூன்று பேருக்கு ஒரு காட்டு அனுமதி

போன வாரம் பேத்தி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு கையால் தோசையைப் பிய்த்துக்கொண்டே மறு கையால் கம்ப்யூட்டரைத் தட்டி, சஹ்யாத்ரி மலைக்காட்டில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்க அனுமதி வாங்கிவிட்டாள். தோசை ஆறுவதற்குள் அனுமதி வந்தது. அச்செடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள். எந்தக் காகிதத்தையும் முதலில் பின்புறம் திருப்பி நிபந்தனைகளைப் படிப்பது என் பழக்கம். பின்புறம் வெறுமையாக இருந்தது.

"யாரும்மா கையெழுத்து போட்டிருக்கா?" என்றேன்.

"கையெழுத்தெல்லாம் வேண்டாம் தாத்தா. அதுவா வந்துடும்."

அதுவாக வரும் அனுமதியை எப்படி நம்புவது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

பிறகு கூடாரத்தைப் பிரித்துக் காட்டினாள். எங்கள் செம்பூர் வீட்டுக் கூடத்தில் அது ஆரஞ்சு நிறத்தில் குடை மாதிரி விரிந்து நின்றது. குனிந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. கூடாரம் என்றால் கித்தான் வாசம் வர வேண்டாமா? வெயிலில் காய்ந்த கோணியும் மண்ணெண்ணெயும் பழைய மழையும் கலந்த அந்த வாசம் நீங்கள் அறிந்திருந்தால், இனி நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷத்துக் குளிர்காலம் அது. மாதுங்காவில் ஒரு மெஸ்ஸின் மாடியறையில் நானும் சேஷுவும் குடியிருந்தோம். சேஷு பாலக்காட்டுக்காரன், டைப்பிஸ்ட், தூக்கத்திலும் விரல்கள் ஆடும். நான் கோட்டைப் பகுதியில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. விண்ணப்பம் எழுதுவதில் பம்பாயில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே தீர்மானித்து வைத்திருந்தேன். அரிசிக்கு, துணிக்கு, மண்ணெண்ணெய்க்கு என்று, மூச்சு விடுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் அனுமதி தேவைப்பட்ட காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடிப்படியில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கூலி கிடையாது. புகழ்தான். அந்த வயதில் அது போதுமானதாக இருந்தது.

அப்படி வந்தவர்தான் இஸ்மாயில். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் அவருடைய மாமா தோல் கிடங்கு வைத்திருந்தார். மருமகனுக்கு அங்கேதான் வேலை, அங்கேதான் படுக்கை. தோல் ஏற்றி அனுப்ப ஒரு லைசென்சுக்காக வந்தார். லைசென்ஸ் கிடைத்தது. அதன் பிறகு காரணமில்லாமலும் வர ஆரம்பித்தார்.

ஒருநாள் சாயங்காலம், சேஷு கொஞ்சம் தயங்கிக்கொண்டே அவர்மேல் எப்போதும் அடிக்கும் தோல் வாசத்தைப் பற்றிக் கேட்டான். இஸ்மாயில் கோபித்துக்கொள்ளவில்லை.

"எனக்கு அது தெரியாதுல்லா வே. ஊருக்குப் போயிட்டு வந்து எறங்குத அன்னைக்கு மட்டும் தெரியும். மறுநா மறந்துரும். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, அது இல்லாத எடத்துல படுத்துப் பாக்கணும்."

போரிவலிக்கு அப்பால் காடு இருக்கிறது என்று சேஷுதான் சொன்னான். கன்ஹேரி குகைகளைச் சுற்றி மைல்கணக்கில் காடு. அதற்கு அப்போதே நேஷனல் பார்க் என்று பெயர் வைத்துவிட்டார்களா, வைப்பதாகப் பேசிக்கொண்டிருந்தார்களா, இப்போது நினைவில்லை. பகலில் யாரும் போகலாம். ராத்திரி தங்க மட்டும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும்.

இஸ்மாயில் அடுத்த வாரமே, பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் பட்டாளத்துக் கூடாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எந்த நாட்டுச் சிப்பாய் படுத்ததோ, உள்பக்கம் மங்கலாக ஒரு நம்பர் இருந்தது. தாராவியில் வைத்தால் வாசம் ஏறிவிடும் என்று எங்கள் அறையிலேயே வைத்தார். சாயங்காலங்களில் மெஸ் மொட்டைமாடியில் உட்கார்ந்து கிழிசல் தைப்பார். அந்த ஒரு மாதம் எங்கள் அறை முழுக்கக் கித்தான் வாசம். நான் தினமும் ஒரு பாலைவனத்தில் கண் விழித்தேன். தனக்குக் கடற்கரை என்றான் சேஷு.

அனுமதி வாங்கும் பொறுப்பு என்னுடையது. காட்டு இலாகா அலுவலகத்து ஜன்னலில் வயதான மராத்திக்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளைத் தாளில் பெயரும் தேதியும் எழுதிக் கொடு, நாளை மறுநாள் வா என்றார். நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். வெள்ளைத் தாளிலா? சர்க்கார் ஊழியன் ஒருவன் வேறொரு இலாகாவுக்கு நேரடியாக எழுதலாமா? மேலதிகாரி வழியாக அல்லவா போக வேண்டும்? 'த்ரூ ப்ராப்பர் சானல்' என்று தலைப்பில் போடாத கடிதத்தை அதுவரை நான் எழுதியதே இல்லை.

ஆகவே ஆறு பத்தியில் ஒரு விண்ணப்பம் எழுதி என் சூப்பிரண்டின் மேஜையில் வைத்தேன். நபர்கள் மூன்று. இரவு ஒன்று. நெருப்பு மூட்டுவதில்லை. ஆயுதம் ஒரு பேனாக்கத்தி.

சூப்பிரண்டு ஓரத்தில் எழுதினார்: முந்தைய கோப்புகளுடன் சமர்ப்பிக்கவும். இதற்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஒருவனும் காட்டில் தூங்க விரும்பியதில்லை என்று மரியாதையான மொழியில் பதில் எழுதினேன். தங்குவதன் நோக்கம் என்ன என்று கேள்வி வந்தது. ஓய்வு என்றேன். உடல்நலக் குறைவா, வைத்தியச் சான்றிதழ் உண்டா என்று வந்தது. கோப்புக்கு எண் கொடுத்தார்கள், சிவப்பு நாடா கட்டினார்கள். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம். என் காடு முறைப்படி நகர்ந்துகொண்டிருந்தது.

தினமும் சாயங்காலம் இஸ்மாயில் மாடிப்படியிலிருந்தே கேட்பார். "என்னவே அய்யரே, காடு வந்துட்டா?"

"வரும் வரும். மேல போயிருக்கு."

"ஏன்டா, வெறும் காயிதத்துல எழுதிக் குடுத்திருந்தா இதுக்குள்ள நாலு தரம் போய்ட்டு வந்திருக்கலாம். நீ காட்டையே நாடா போட்டுக் கட்டி வச்சுட்டாய்" என்பான் சேஷு.

ஒரு சாயங்காலம் இஸ்மாயில் அப்படிக் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். கொழும்பிலிருக்கும் பெரியப்பாவுக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். மாமா டிக்கெட் எடுத்துவிட்டார். வியாழக்கிழமை ரயில். எப்போது திரும்புவது என்ற பேச்சே இல்லை.

இடையில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது. திங்கள் வரை காகிதம் வராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது எந்த மேஜையில், எந்தக் கோப்புக்கு அடியில் கிடக்கிறது என்பதுகூடத் தெரியும்.

"சனிக்கிழம கெளம்பிடலாம்டா. பாராக்காரன் கையக் காலப் பிடிச்சா விடமாட்டானா" என்றான் சேஷு.

நான் யோசித்தேன். அனுமதி கேட்டு விண்ணப்பித்தவனே அனுமதி வருமுன் உள்ளே போய்ப் பிடிபட்டால் என்ன ஆகும்? என் பெயரில் கோப்பே இருக்கிறது. விதி எண்ணைச் சொல்லி விளக்கினேன். விளக்கி முடிக்கும் வரை இஸ்மாயில் பொறுமையாகக் கேட்டார்.

"வேண்டாம் சேஷு. அவருக்கு உத்தியோகத்துல ஒண்ணு வந்துறப்பிடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மொட்டைமாடியில் கூடாரத்தை விரித்து அதன்மேல் உட்கார்ந்து காப்பி குடித்தோம். தாராவிப் பக்கமிருந்துதான் காற்று வந்தது.

வியாழக்கிழமை வி.டி. ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பாஸு வந்தா ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கும் சேத்து ஒருக்கா மூச்சு விட்டுட்டு வாரும்."

அனுமதி வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தது. இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து, பின்புறம் பதினான்கு நிபந்தனை. அதைவிட அழகான காகிதம் என் கைக்கு அதன் பிறகு வந்ததில்லை. மறுநாள் ஓர் இரவுக்கு, மூன்று நபர்களுக்கு என்று இருந்தது.

நான் போவதாக இல்லை. சேஷு கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மாதுங்கா ரோடு ஸ்டேஷனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். பின்னால் போனேன்.

காட்டுப் பாதையின் தொடக்கத்தில் ஓலை வேய்ந்த ஒரு பாராச் சாவடி. அங்கே ஒரு வனக்காவலர், ஒரு ரிஜிஸ்தர், கயிற்றில் தொங்கும் ஒரு பென்சில். அவர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். எங்களை எண்ணினார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"தீன் லிகா ஹை. தீஸ்ரா கிதர்?" மூன்று என்று இருக்கிறது, மூன்றாவது ஆள் எங்கே?

வரவில்லை, இரண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். காகிதத்தில் மூன்று, ரிஜிஸ்தரில் இரண்டு என்றால் அவரைத்தான் கேட்பார்கள். திருத்த வேண்டுமானால் அலுவலகத்துக்குப் போய்த் திருத்திக்கொண்டு வரவேண்டும். அவர் சொன்னது முழுக்க நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பென்சிலை வாங்கினேன். என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். சேஷு இட்டான். பிறகு மூன்றாவது வரியில் இஸ்மாயில் என்று தமிழில் நானே எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் பிறருடைய கையெழுத்தை நான் போட்டதில்லை. காவலர் திருப்தியாக மூடி வைத்தார்.

இருட்டுவதற்குள் கூடாரம் அடித்துவிட்டோம். நெருப்பு கூடாது என்பதால் சேஷு தெர்மாஸில் காப்பி கொண்டுவந்திருந்தான். ஏதோ ஒரு பறவை கேள்வி கேட்பதுபோல ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சருகு வாசம், பாறை குளிரும் வாசம். படுத்துக்கொண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன்.

தோல் வாசம் அடித்தது.

கையால் தடவிப் பார்த்தேன். கயிறு கட்டும் மூலைகள் கிழியாமலிருக்க இஸ்மாயில் நான்கு மூலையிலும் தோல் வைத்துத் தைத்திருந்தார். நெருக்கமான, ஒரே அளவான தையல். தன்னுடைய அந்த ஒரு ராத்திரிக்குள்ளும் அதைக் கொண்டுபோய் வைத்துத் தைத்திருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்காது. சேஷுவும் மோந்திருப்பான். மூன்று பேர் படுக்கும் கூடாரத்தில் நடுவில் இடம் விட்டுப் படுத்திருந்தோம் என்பதைக் காலையில்தான் கவனித்தேன்.

திரும்பும்போது சாவடியில் ஆளில்லை. காவலர் ஓடைக்குப் போயிருந்தார். ரிஜிஸ்தர் பலகைமேல் கிடந்தது. வெளியேறும் பத்தியில் நானும் சேஷுவும் கையெழுத்திட்டோம்.

"இஸ்மாயிலுக்கு நேரா போடலையா?" என்றான் சேஷு.

பென்சிலைத் தொங்கவிட்டேன். "அவர் இன்னும் வெளில வரலையே."

சேஷு என்னைப் பார்த்தான். கூடாரத்தைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

கொழும்பிலிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது. பெரியப்பாவின் கடை கருவாட்டுக் கடை. 'ஒரு வாரத்தில் பழகிவிடும் என்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். நான் எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை.

இப்போது தாராவியில் தோல் கிடங்குகள் அநேகமாக இல்லை. மெஸ் இருந்த இடத்தில் ஏழு மாடி எழுந்திருக்கிறது. கூடாரம் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சேஷுவும் போய்விட்டான். ஓலைச் சாவடி நின்ற பக்கத்தில் இரும்புக் கதவும் டிக்கெட் ஜன்னலும் இருக்கின்றன. ரிஜிஸ்தரைக் கரையான் தின்றிருக்கும். ஆனால் கரையான் தின்பதால் ஒரு பதிவு ரத்தாகிவிடாது. அதற்குத் தனியாக உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அப்படி ஓர் உத்தரவு பிறப்பிக்கப்பட்டதாக எனக்கு இதுவரை தகவல் இல்லை.