பொட்டு வைத்த போல்ட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு டயர் கடைக்காரர் எங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டினார். கையில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பானர்.

“போன ஞாயித்துக்கிழமை அண்ணன்கிட்ட வாங்கிட்டுப் போனது அண்ணி. மறந்தே போச்சு. திட்டப் போறாரு.”

“திட்டினா வாங்கிக்கங்க,” என்று சொல்லி அதை உள்ளே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஸ்பானரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஸ்பானரைப் பார்த்தார்.

“இது எங்க இருந்துச்சு?”

“டயர் கடையில. ஒரு வாரமா.”

“நேத்து இங்க இல்லியா?”

“இல்லாததாலதானே இப்பக் கொண்டுவந்து குடுக்கறாரு.”

அவர் முகம் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தேன். பல்செட் வேலை செய்யும்போது வாயைச் சுற்றி ஒட்டும் அச்சு மாவு, குளித்த பிறகும் அங்கேயே இருப்பதுபோல ஒரு வெளுப்பு. எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. அதை எடுத்து நிறுத்தவில்லை.

“நான் இறுக்கல,” என்றார். “தபாலு வண்டி. முன் சக்கரம். நான் இறுக்கவே இல்ல.”

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் கார்ச் சங்கத்தில் பதினாறு வீடுகளிலும் யாரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் உடனே புரிந்திருக்கும். வெளியாளுக்குத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அவர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், பின்னறையில் உட்கார்ந்து இவர் பல்லும் ஈறும் செய்து கொடுப்பார். சங்கத்தில் அவர் பெயர் ‘பல்லு’. எங்கள் கார் நாலு கதவுப் பழைய வண்டி. செங்கல்லுக்குச் சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். செய்த கம்பெனி மூடிப் பதினெட்டு வருஷமாகிறது. நாங்கள் வாங்கி இருபத்துநாலு வருஷம். என் பெண் அதன் பின் சீட்டில்தான் வளர்ந்தாள் என்று சொல்லலாம்.

சங்கத்தை ஆரம்பித்தவர் ஒரு தபால்காரர். தெருத்தெருவாகக் கடிதம் கொடுக்கப் போகிறவருக்கு எந்த வீட்டு வாசலில் இதே வண்டி நிற்கிறது என்று தெரியும். ஒருநாள் எங்கள் வைப்பரில் ஒரு சீட்டு: ‘என்னிடமும் இதே பெட்டி இருக்கிறது. கியர் மாற்றும்போது உங்களுக்கும் அழுகிறதா?’ இவர் மறுநாளே தெருமுனையில் நின்று அவரைப் பிடித்தார். அப்படித்தான் பதினாறு பேர் சேர்ந்தோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் கடைப் பின்புறத்தில் கூடுவோம். ஒரு வண்டி செத்தால் அதன் உறுப்புகளை மற்றவர்கள் பிரித்துக்கொள்வோம். எங்கள் வெள்ளைக் காரின் இடது பின்கதவு நீலம். ஜெராக்ஸ் கடை அக்காவின் முதல் வண்டியுடையது. இவருக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் படுத்திருந்தபோது, தபால்காரர் தினமும் வேலை முடிந்து வந்து எங்கள் காரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் போவார், பேட்டரி சாகாமல் இருக்க. டீ வேண்டாம் என்பார். கொடுத்தால் இரண்டு டம்ளர் குடிப்பார்.

மூன்றாம் வருஷம் ஊர்வலமாகப் போனபோது ஒருவருடைய சக்கரம் கழன்று, அவரையே ஓவர்டேக் பண்ணிக்கொண்டு முன்னால் போனது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அன்று ஒரு விதி போட்டோம். சக்கரமானாலும் பிரேக்கானாலும் ஒருவர் போல்ட்டை இறுக்க வேண்டும். இன்னொருவர் அந்த நீள ஸ்பானரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். சரியான இறுக்கம் வந்தால் அது ‘டக்’ என்று சொல்லும். சொன்னபிறகு போல்ட்டின் தலைக்கும் பக்கத்து இரும்புக்கும் சேர்த்து ஒரு சிவப்புப் பொட்டு. போல்ட் அசைந்தால் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுக்கும். பொட்டு வைக்க என் நகப்பாலிஷ். பொட்டு வைக்கிறவர் இவர். ஈறுக்கு வண்ணம் தீட்டிப் பழகிய கை. பொட்டைப் பார்த்தால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

முந்தின நாள் தபால்காரர் முன் பிரேக் கட்டைகளை மாற்ற எங்கள் வாசலுக்கு வந்தார். மறுநாள் மனைவியோடு பேத்தியை அவளுடைய அப்பா அம்மாவிடம் விடுவதற்கு மலையைத் தாண்டிப் போக வேண்டும். நான்தான் பாலிஷ் பாட்டிலைக் கொடுத்தேன். “காஞ்சிட்டிருக்கு, தின்னர் ரெண்டு சொட்டு விட்டிருக்கேன், சீக்கிரம் வையுங்க, கட்டியாயிடும்,” என்றேன்.

என் வீட்டுக்காரர் சின்ன ஸ்பானரால், பிரேக்கைப் பிடித்து நிற்கும் போல்ட்டுகளைக் கையிறுக்கத்துக்குத் திருகிவிட்டு, பாலிஷ் கட்டியாவதற்குள் பொட்டை வைத்துவிட்டார். இறுக்குவது அப்புறம் என்று நினைத்துக்கொண்டு நீள ஸ்பானரைத் தேட உள்ளே வந்தார். அந்த நேரம் டாக்டர் ஒருவர் போன் செய்து, ஒரு அம்மாளுக்குக் கடைவாய்ப் பல் உரசுகிறது என்று கால்மணி நேரம் பேசினார். கை கழுவிவிட்டு வந்த தபால்காரர் சிவப்புப் பொட்டைப் பார்த்தார். சக்கரத்தை மாட்டினார். இவர் வெளியே வந்தபோது சக்கரம் மாட்டியிருந்தது. தான் இறுக்கி முடித்துவிட்டதாகவே இவருக்கும் தோன்றிவிட்டது.

தபால்காரர் ஆறு மணிக்குக் கிளம்பியிருப்பார்.

“போன் பண்ணுங்க,” என்றேன்.

“எடுக்க மாட்டான். ஓட்டும்போது போன் டேஷ்போர்டுக்குள்ள போயிடணும்னு ரூல் போட்டதே நான்தான்.”

நான் தபால்காரர் மனைவிக்குப் போட்டேன். இரண்டு மணி அடித்ததும் கட் ஆனது. மறுபடி போட்டேன். கட். மூன்றாவது தடவை புரிந்தது. போன் பேத்தி கையில் இருக்கிறது, விளையாட்டுக்கு நடுவே நான் குறுக்கே வருகிறேன். மெசேஜ் அனுப்பினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. அது படிக்குமா?

நீள ஸ்பானரை எடுத்துக்கொண்டு காரில் ஏறினோம். இவர் ஓட்டினார். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை கட் ஆகும்போதும், சரி, உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு மூச்சு விட்டேன். அந்தச் சனியன் பிடித்த ‘டொய்ங்’ சத்தத்துக்காக அப்படி ஏங்குவேன் என்று நினைத்ததில்லை.

“ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்ல,” என்றார் அவர். என்னிடம் சொல்லவில்லை, ஸ்டியரிங்கிடம் சொன்னார். “உச்சிக்கு அப்புறம்தான். இறக்கத்துலதான்.”

“உச்சியில எப்பவும் நிப்பீங்கல்ல? இஞ்சின் ஆற?”

“இந்தத் தடவை நிக்க மாட்டேன்னான். மருமகன் பத்து மணிக்கு வேலைக்குப் போயிடுவாராம்.”

இருபத்துநாலு வருஷத்தில் அந்த வண்டி எண்பதுக்கு மேல் போய் நான் பார்த்ததில்லை. அன்று நீலக் கதவு நடுங்கி நடுங்கி வந்தது. மலையடிவாரத்தில் இன்னொரு தடவை போட்டேன். முழுதும் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. யாரும் கட் செய்யவும் இல்லை.

“என்ன?” என்றார்.

“ரிங் போகுது.”

“கட் பண்ணலியா?”

“இல்ல.”

மறுபடி போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். வளைவுக்கு வளைவு பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் எந்தப் பாறையைப் பார்த்தாலும் அவர்கள் சாம்பல் காராகத் தெரிந்தது. பின் சீட்டில் பேத்தி எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்தேன். முன் சக்கரத்துக்கு நேர் பின்னால்தான் என்று மனசு தானாகப் பதில் சொன்னது.

உச்சியில், இறக்கம் தொடங்கும் இடத்தில், சாம்பல் பெட்டி நின்றிருந்தது. ரோட்டோரத்தில் தபால்காரரின் மனைவி பேத்தியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெண் வாந்தி எடுத்து முடித்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

“யோவ் பல்லு! நீயும் வரேன்னு சொல்லவே இல்ல?” தபால்காரர் சிரித்தார். “வளைவுல போனைப் பாக்காதேன்னா கேக்கறாளா? பாரு, சீட்டெல்லாம் நாசம். கிளம்பலாம்னு இருக்கோம், தள்ளு.”

இவர் எங்கள் டிக்கியைத் திறந்தார். ஜாக்கியை எடுத்துப்போய் சக்கரத்தைக் கழற்றினார். நானும் குனிந்து பார்த்தேன். பிரேக்கின் இரண்டு போல்ட்டில் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. மற்றதை இவர் விரலால் தொட்டார். சுற்றியது. பொட்டு பிளந்து, பாதி போல்ட்டின் தலையில், பாதி இரும்பில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல இருந்தன.

தபால்காரர் குனிந்து அந்தப் பாதிப் பொட்டை விரலால் தடவினார்.

“சத்தம் வந்துச்சு,” என்றார். “ஏறும்போது. கடக், கடக்னு. இவகூடக் கேட்டா, என்ன சத்தம்னு.” மனைவியைப் பார்த்தார். “ரேடியோவைக் கூட்டி வெச்சேன். பொட்டு வெச்சிருக்கே, என்ன ஆயிடப்போகுதுன்னு.”

“நான் இறுக்கல. முதல்லயே வெச்சிட்டேன்,” என்றார் இவர்.

தபால்காரரின் மனைவி பேத்தியை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். “புள்ளைய உக்கார வெச்சிருந்தேங்க,” என்றாள் என் வீட்டுக்காரரிடம். அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை.

இவர் நீள ஸ்பானரை எடுத்துப் போல்ட்டில் மாட்டப் போனார். தபால்காரர் அதை வாங்கித் தானே இறுக்கினார். “யாராவது செக் பண்ணணும்,” என்றார். இவரைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷத்தில் நான் அதைத் தூக்கி மூலையில் வைத்திருக்கிறேனே தவிர, போல்ட்டில் மாட்டியதில்லை. முழங்காலிட்டு இழுத்தேன். டக். இன்னொன்று. டக். அடுத்த பக்கச் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தோம். அங்கேயும் அதே கதை. அதையும் இறுக்கினார், நான் சரிபார்த்தேன். பொட்டு வைக்க யாரிடமும் பாட்டில் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கீழே இறங்கும்வரை அவர்களுக்குப் பின்னாலேயே போனோம். அவர்கள் பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் இவர் கால் தரையை அழுத்தியது.

அடுத்த ஞாயிறு டயர் கடைப் பின்புறத்தில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். “நான் பொட்டு வெச்ச எதையும் நம்பாதீங்க. எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்,” என்றார். மூன்று வாரம் பிடித்தது. பதினாறு வண்டியிலும் வேறெதுவும் தளர்ந்திருக்கவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இல்லை. “இப்ப சரியா இருக்கு. நடுவுல எத்தனை தடவை தப்பிச்சாங்களோ,” என்பார். பாட்டில் இப்போது ஜெராக்ஸ் அக்காவிடம் இருக்கிறது.

தபால்காரர் வருவது நிற்கவில்லை. ஆனால் வந்தால் “சார்” என்றார். இருபது வருஷ யோவ் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மனைவி அந்த வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள், பஸ்ஸில் போகிறாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, தபால்காரர் தனியாக மலை தாண்டிப் போகிறார் என்று ஜெராக்ஸ் அக்கா சொன்னாள். இவர் காலையிலிருந்து வேலைக்கு உட்காரவில்லை. மேஜைமேல் பாதி செய்த மேல்வரிசைப் பல் காய்ந்துகொண்டிருந்தது. தட்டில் வைத்ததைத் தொடவில்லை. பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. நான் போனை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

“யோவ், வந்து சேந்துட்டேன். ரேடியோ போடல. சத்தம் ஒண்ணும் இல்ல.”

“சரி,” என்றார் இவர். போனை வைத்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, “திரும்பி வரணுமே,” என்றார்.