நானா வாங்கிய காற்றாடி

கூடத்தில் பாய் விரித்து, நானா இரண்டு காற்றாடிகளையும் அதன்மேல் வைத்திருந்தார். படகின் பின்புறம் மாட்டுகிற மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லரைத்தான் நாகூர்க் கரையில் காற்றாடி என்போம். அண்ணனை நானா என்போம். இரண்டும் அலுமினியம், இரண்டுக்கும் மூன்று இதழ்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நானாவோ நகைக்கடையில் உட்கார்ந்த பெண்ணைப்போல ஒன்றை எடுப்பதும் மற்றதை வைப்பதுமாக இருந்தார்.

“இது பதிமூணு, இது பதினொண்ணு” என்றார். ஒரு சுற்றுக்குப் படகை எத்தனை அங்குலம் முன்னே தள்ளும் என்கிற கணக்காம். பதின்மூன்று பறக்கும், ஆள் குறைவான படகுக்கு அதுதான் சரி. பதினொன்று அவ்வளவு ஓடாது, ஆனால் பாரத்தை இழுக்கும். நாகப்பட்டினத்துக் கடைக்காரர் இரண்டையுமே நம்பிக் கொடுத்தனுப்பியிருந்தார். “தினமும் எவ்வளவு ஏத்துவீங்களோ அதை ஏத்திக்கிட்டு ஓட்டிப் பாருங்க பாய். முழு வேகத்துல மோட்டார் திணறவும் கூடாது, அலறவும் கூடாது. ஒத்து வர்றதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொண்டாந்துடுங்க” என்றாராம்.

நானா அப்போதுதான் ஒரு படகு வாங்கியிருந்தார். அவருக்கு அது வெறும் படகு இல்லை. கல்யாணமான மறுமாதமே வளைகுடாவுக்குப் போனவர். அங்கே துறைமுகத்தில் மோட்டார் வேலை. அவர் மகள் வாப்பாவைத் தொலைபேசியில் பார்த்தே வளர்ந்தாள். அந்தத் தடவை லீவில் வந்தவர், “போதும் உம்மா இந்த வெளிநாட்டுச் சபுரு. இனி ஊர்லதான் பொழப்பு” என்று சொல்லிவிட்டார். படகில் தூண்டில் போட்டு மீன் பிடித்துக் காலம் தள்ள முடிந்தால் இருப்பார். முடியாவிட்டால் விசா காலாவதியாகும் முன் திரும்பிப் போயாக வேண்டும். அந்த வாரம் முழுக்க மதினி முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வெட்டாற்றில் படகை ஓட்டிப் பார்த்தோம். தஞ்சாவூரிலிருந்து நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள். சென்னையிலிருந்து தம்பி குடும்பம். உம்மா, மதினி, நானாவின் மகள். போதாக்குறைக்கு ஒரு தேக்சா பிரியாணி. பதின்மூன்றை மாட்டியபோது மோட்டார் முக்கி முனகியது, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. பதினொன்றை மாட்டினார். அடேயப்பா! அத்தனை பேரையும் சுமந்துகொண்டு என்ன அழகாகப் போனது! உம்மா பயத்தில் ஸலவாத்து ஓத, பிள்ளைகள் கூச்சல் போட, நானா பின்னால் உட்கார்ந்து ராஜா மாதிரி ஓட்டினார். மறுநாளே பதின்மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று பாத்திரம் கழுவும்போது மதினி என்னிடம் சொன்னார்: “உங்க நானா லீவுக்கு வர்றப்ப மட்டும்தானே இந்த ஊட்டைப் பாத்திருக்காங்க. எப்பவும் இப்படிக் கூட்டமாத்தான் இருக்கும்னு நெனப்பு. நாளைக்கு நீங்கல்லாம் கெளம்பிட்டா இங்க நானும் மாமியும் புள்ளையும்தான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

நாங்கள் கிளம்பினோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தம்பிக்கு வேலை. வெறும் படகில் நானாவும் கூட ஒரு ஆளும் போனார்கள். பாரமில்லாத படகில் அந்தக் காற்றாடி மோட்டாரை அலறவைத்தது. பெட்ரோல் தண்ணீராய்ச் செலவானது. கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள், கடைக்காரர் சொன்னார், தொலைபேசியில் நானும் சொன்னேன்: “பதிமூணை மாட்டித் தொலைங்களேன் நானா!”

“மாட்டலாம். நீங்கள்லாம் வந்தா இழுக்காதேம்மா” என்பார். “மெதுவாத்தான் ஓட்டுறேன். அடுத்த வெள்ளிக்கெழம வர்றீங்கதானே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தஞ்சாவூர் என்ன, பக்கத்துத் தெருவா? வருகிறோம் என்போம், ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்குக் காய்ச்சல், போக முடியாது. சொன்னது எதுவும் பொய்யில்லை. அவர் பிடிவாதமும் பொய்யில்லை. மெதுவாக ஓட்டுவதாகச் சொன்னவரால் எத்தனை நாள் அப்படி ஓட்ட முடியும்? மீன் ஏலம் இவருக்காகக் காத்திருக்குமா? ஒரு நாள் ஏலத்தைப் பிடிக்க முழு வேகத்தில் முறுக்கிக்கொண்டு வந்தபோது முகத்துவாரத்துக்கு வெளியே மோட்டார் வெடித்ததுபோல ஒரு சத்தம் போட்டு நின்றது. வேறு படகுக்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே இரும்பெல்லாம் உடைந்து போயிருந்தது. படகை அப்படியே விற்றார். விசா முடிய இன்னும் சில நாட்கள் மிச்சம் இருந்தன.

திரும்பிப் போனவர் இப்போதும் வளைகுடாவில்தான் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தொலைபேசியில் படகைப்பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை.

அவர் கிளம்பிய அன்று எல்லோரும் வந்திருந்தோம். பயணம் அனுப்ப வராமல் இருக்க முடியுமா? தம்பி சென்னையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருந்தான். திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு வேன். நான் நீ என்று அத்தனை பேரும் ஏற, ஓட்டுநர் முகத்தைச் சுளித்தார். “இவ்வளவு பேரா? பாலத்துல ஏறவே திணறுங்க.”

“அதெல்லாம் ஏறும். மெதுவாப் போங்க” என்றார் நானா. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரை நகர்த்தி, ஒரு பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, எங்கள் எல்லோருக்கும் இடம் பண்ணினார். பாவி மனிதர், அந்த நேரத்திலும் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு தலையை வெளியே நீட்டி மதினியைக் கூப்பிட்டார்.

மதினி வாசலைவிட்டு இறங்கவில்லை. “எல்லாரும் போய்ட்டு வாங்க” என்றார். “நான் ஊட்ல இருக்கேன்.”