கிரேனின் கை திரும்பிய மதியம்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வராது என்று சொன்னால் ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். வாய் இருக்கிறது, சாப்பிட. கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறார். காலையில் ஏணி ஏறி, பீரோ அளவு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் தரைக்கு வருவார். நடுவில் வாக்கி டாக்கியில் 'தூக்குறேன்', 'இறக்குறேன்' என்பதோடு சரி. வீட்டிலும் அதே வழக்கம்தான். சாப்பிடுகிறீர்களா என்றால் 'ம்'. உப்பு சரியா என்றால் 'ம்'. வேலையிடத்தில் அவருக்குச் சாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தங்கை விஷயத்தில் மட்டும் அவர் வாய் திறக்கும். என் நாத்தனார் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரைத் தானாகவே பார்த்துக் கட்டிக்கொண்டாள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை, என்னையும் போக விடவில்லை. அந்த ஆளோடு எத்தனை நாள் வாழ்ந்துவிடுவாள் என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னார். அவளும் பேச்சை வெட்டிவிட்டாள். பிடிவாதத்தில் அண்ணனுக்கு ஒரு படி மேல். இவரைக் கம்பெனி புதிதாகப் போட்ட வேலையிடமோ, சரியாக அவள் வாடகை வீட்டின் பின்சுவரை ஒட்டி அமைந்தது.

இரண்டு வருஷமாக மேலிருந்து அவள் மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத் துணி காயப்போட வரவில்லை, உடம்பு சரியில்லையோ என்னவோ என்பார். அவள் உண்டாகியிருக்கும் சேதிகூட ஆகாய மார்க்கமாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றால், பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

புயல் மறுநாள் மதியம் நகரத்தைக் கடக்கும் என்று அறிவித்ததும் வேலையை நிறுத்தி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தோம். நான் பிடிக்க, இவர் ஆணி அடித்தார். திடீரென்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"பிரேக்கை விட்டேனா, இல்லையான்னு ஞாபகம் இல்லை" என்றார்.

கிரேன்காரர்களுக்கு இது பாலபாடம். வேலை முடிந்து இறங்கும்போது கிரேனைப் பூட்டி வைக்கக் கூடாது. பிரேக்கை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் அந்த நீளமான கை காற்று தள்ளுகிற பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். பூட்டி வைத்தால் காற்றை எதிர்த்து நிற்கும், எதிர்த்து நின்றால் அடியோடு சாயும். தினமும் இவர் கை பழக்கத்தில் செய்கிற காரியம் என்பதால் யோசித்துச் செய்வதில்லை. முந்தின நாள் இறங்கும் நேரத்தில், நிறைமாத வயிற்றோடு தங்கை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மூடியைக் கயிறு போட்டுக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கண் அங்கே இருந்தது, கை என்ன செய்ததென்று தெரியவில்லை. சாய்ந்தால் அந்தக் கிரேன் அவள் வீட்டின் மேல்தான் சாயும்.

மேஸ்திரிக்குப் போன் போட்டார். இந்தக் காற்றில் யாரும் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். நாத்தனாருக்கு நான் அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தார், நான் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் தகரமும் கிளையும் பறந்தன. எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

கதவைத் திறந்தவள் அண்ணனைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றாள். இவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை எங்கே?" இரண்டு வருஷமாக 'அந்த ஆள்' என்று மட்டுமே சொன்ன வாய் அது. ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போனவர் திரும்பவில்லை என்று சொல்லி, வழிவிட்டு நின்றாள்.

இவர் ஒளிவுமறைவு இல்லாமல் விஷயத்தைச் சொல்லி உடனே கிளம்பு என்றார். அவள் செருப்பைத் தேடுவதற்குள் வாசல் மரம் முறிந்து விழுந்தது, கூடவே மின்கம்பியும் அறுந்து தெருத் தண்ணீரில் விழுந்தது. இனி வாசல் வழி இல்லை. பின்பக்கம் ஆளுயரச் சுவர். அதை அவளால் தாண்ட முடியாது. மூன்று பேரும் உள்ளறையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தோம். பின்ஜன்னல் இடுக்கு வழியாகக் கிரேன் தெரிந்தது. அதன் கை காற்றுப் போகும் திசையில் நீட்டிக்கொண்டு நின்றது. அதில் ஆறுதலுக்கு ஒன்றும் இல்லை. நேற்று வேலை முடிந்தபோதே அந்தப் பக்கம்தான் இருந்ததாம்.

மதியம் காற்று சட்டென்று அடங்கியது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. நான் முட்டாள்தனமாக, புயல் விட்டுவிட்டது என்றேன். இவர் தலையாட்டினார், இல்லை என்று. புயலின் நடுப்பகுதி தலைக்கு மேல் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும், பூட்டியிருந்தால் அதற்குத்தான் கிரேன் தாங்காது என்றார். சொல்லிக்கொண்டே சட்டைக்கையைச் சுருட்டினார். பின்சுவர் ஏறிக் குதித்து, மேலே போய் பிரேக்கை விட்டுவிட்டு வருகிறாராம். பாதி ஏணியில் காற்று திரும்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கையைப் பிடித்தேன், உதறினார். நான் அழுதது அவர் காதில் விழவே இல்லை.

அப்போது நாத்தனார் சொன்னாள், "போகாதே அண்ணா. நீ பிரேக்கை விட்டுட்டுத்தான் போயிருக்கே."

இவர் திரும்பிப் பார்த்தார்.

"தினமும் நீ இறங்கிப் போன பிறகு அந்தக் கை தானா கொஞ்சம் அசையும். நான் மாடியில நின்னு பார்ப்பேன். அது அசைஞ்சாத்தான் நீ நல்லபடியா இறங்கிட்டேன்னு எனக்கு நிம்மதி. நேத்தும் அசைஞ்சுது."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேலிருந்து தான் மட்டும் பார்ப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்த மனிதர். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவளே தட்டுத்தடுமாறி எழுந்து எங்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் காற்று மறுபக்கத்திலிருந்து வந்தது. முதலில் ஒரு ஊளை, பிறகு வீடே குலுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் ஜன்னல் இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திரும்புது" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெரிய கை மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி, எங்கள் தலைக்கு மேலாகச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றது. அதன் பிறகு எவ்வளவு அடித்தும் கிரேன் அசைந்து கொடுத்ததே தவிர சாயவில்லை.

இருட்டுவதற்குள் காற்று ஓய்ந்து வெறும் மழை ஆனது. தங்கையின் தோளில் கை வைத்து, நீ மட்டும் நேற்றுப் பார்த்திருக்காவிட்டால் நான் ஏறியிருப்பேன், பாதியில் போய்ச் சேர்ந்திருப்பேன் என்றார் இவர். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நேத்து நான் பார்க்கலை அண்ணா" என்றாள். "தொட்டியைக் கட்டினதுல இடுப்பு வலி வந்து, அப்பவே கீழே வந்து படுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து நான்கு உயிரை இப்படி வைத்து விளையாடுவாளா ஒருத்தி? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட அது அசையாம நின்னதில்லை. கீழே நான் இருக்கேன்னு உனக்குத் தெரியும். நீ எப்படி மறப்பே?"