வால் இல்லாத காளான்

பூரணாங்குப்பத்துப் பக்கம் சவுக்குத் தோப்பில் வெந்நீர் அடுப்புக்கு மிலாறுச் சுள்ளி பொறுக்கப் போயிருந்தேன். முந்தின நாள் இடியோடு மழை. என் கணவர் இறந்த பிறகு பெய்த முதல் பெருமழை அதுதான். நனைந்த சருகுக்குள் வெள்ளை வெள்ளையாகக் காளான்கள் குடை விரித்திருந்தன. மடியில் கட்டிக்கொண்டேன். சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. குனிந்த இடத்தில் இருந்தது, எடுத்தேன். அந்த மாதங்களில் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டில் கொழுந்தனாரின் மனைவி மடியைப் பார்த்ததும் துள்ளினாள்.

"இன்னாக்கா, புத்துக் காளானா? ஆட்டுக்கறி தோத்துடும் போ!"

கழுவி, மஞ்சளும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்தாள். எங்கள் பக்கத்தில் இதுதான் பரீட்சை. தண்ணீர் கருத்தால் விஷம், கருக்காவிட்டால் குழம்பு. தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. கொழுந்தனார் அதற்கு முன்பே போனில் படம் எடுத்து குரூப்பில் போட்டிருந்தார்.

"ஒருத்தன் நல்ல காளான்றான். இன்னொருத்தன் எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைய்யின்றான்" என்று சிரித்தார். அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

எனக்குத் தீரவில்லை. என் கணவர் வருஷா வருஷம் வரப்போரத்துப் புற்றில் காளான் எடுப்பார். அடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் எலிவால் போல நீளமாக வேர் வரும். "வாலு இருந்தாதான் வூட்டுக்கு" என்பார். நான் எடுத்த இடத்தில் புற்றே இல்லை. இவை தொட்டதும் வந்துவிட்டன. அடியில் உடைந்த முட்டை ஓடு போல ஏதோ ஒட்டியிருந்தது. அதை அழுக்கு என்று நினைத்து அவள் அறுத்து எறிந்துவிட்டாள்.

இதெல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நான் எப்போதுமே நாலு பேர் நடுவில் பேசுகிறவள் இல்லை. அவர் போன பிறகு, கேட்டால் தலையாட்டுவதோடு சரி. நான் மட்டும் சாப்பிடுவதாக இருந்தால் பேசாமலே சாப்பிட்டிருப்பேன். அந்த நினைப்பில் பயமோ துக்கமோ இருந்ததாக ஞாபகம் இல்லை.

தட்டு வைத்தார்கள். அவர்களுடைய மகள் பள்ளிக்கூட உடுப்போடு வந்து உட்கார்ந்தாள். குழம்புக் கரண்டி அவள் தட்டுக்கு மேல் வந்தபோது "வாணாம்" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது.

"இன்னா அண்ணி?" என்றார் கொழுந்தனார்.

"அதுல வாலு இல்ல. உங்க அண்ணன் இருந்தா இத எடுக்க மாட்டாரு."

அவர் இறந்த பிறகு அவரைப் பற்றி நான் பேசியது அதுதான் முதல் தடவை. கொழுந்தனார் எழுந்து சட்டியோடு கொல்லைக்குப் போனார். குழி வெட்டிக் கொட்டி மூடி, கோழி கிளறாமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தார்.

"மசாலா அரைக்கறப்பவே சொல்லக் கூடாதாக்கா? என் கையே போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் ரசம் வைத்தாள்.

அது என்ன காளான் என்று இதுவரை தெரியாது. நல்லதாகவே இருந்திருக்கலாம்.

ரசத்தில் உப்பு இல்லை. அதையும் சொன்னேன்.

"இத்தினி நாளா வாயே தொறக்கல. தொறந்தா குத்தம் சொல்லத்தான் தொறக்குது பாரு" என்று உப்பு ஜாடியை என் பக்கம் தள்ளினாள்.